குடும்பத் தலைவர் சொன்ன பதில்

காலைப் பதினொரு மணிக் கூட்டத்தில் டெல்லி அறை நான்கு பெயர்களை வாசித்தது. ஐந்தாவது பெயருக்கு முன்னால் சற்று நின்றது.

திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தின் மாடியில் காணொலிக் கூட்டத்துக்கென்று ஒதுக்கிய சின்ன அறை அது. ஒரு மேசை, ஒரு திரை, இரண்டு நாற்காலிகள். இருபத்து மூன்று நாட்களாகத் துணை வட்டாட்சியர் டெய்சி தினமும் இந்த நேரத்தில் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். பாலைவன ஓரத்து நாடு ஒன்றில் மின்கோபுரம் நட்டுக்கொண்டிருந்த இந்தியத் தொழிலாளர்கள் ஐந்து பேரை ஆயுதக் குழு ஒன்று வண்டியோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டது. எந்த நாடு, எந்தக் குழு என்று வெளியே வாய் திறக்கக் கூடாது என்பது சுற்றறிக்கை. அதனால் அலுவலகத்தில் எல்லோரும் "அந்த ஊர்" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஐந்து பேரில் ஒருவன் அகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். பெயர் மணிமாறன், வயது முப்பத்து மூன்று.

ஐந்து குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு அதிகாரி. குடும்பம் அந்த அதிகாரியிடம் மட்டுமே பேச வேண்டும், அதிகாரி டெல்லி அறையிடம் மட்டுமே பேச வேண்டும். தூதரகமும் கம்பெனியும் சென்னைத் துறையும் அந்த ஒரே அறையில்தான் வந்து சேரும். பத்து வாய் பேசினால் பிடித்து வைத்திருப்பவனுக்குக் கொண்டாட்டம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். டெய்சிக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. குறைவாகப் பேசுகிறவர்களுக்கு ஏற்ற வேலை.

அந்தக் குழுவோடு நேரடிப் பேச்சு கிடையாது. அங்கத்திய இனக்குழுப் பெரியவர்கள் இருவர் நடுவில் நின்றார்கள். அவர்கள் மூலமாக ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி போகும். அவனுக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி. குடும்பம் அதற்கான சரியான பதிலை முன்கூட்டியே எழுதி டெல்லிக்குக் கொடுத்துவிடும். திரும்பி வரும் பதில் அதனோடு பொருந்தினால் ஆள் உயிரோடு இருக்கிறான், அவர்கள் கையில்தான் இருக்கிறான் என்று அர்த்தம். பொருந்தியவர்களின் பெயர் பட்டியலில் ஏறும். பட்டியலை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் பாலைவனத்துக்குள் போவார்கள்.

நான்கு பதில்கள் பொருந்திவிட்டன. மணிமாறனின் பதில் பொருந்தவில்லை.

என்ன பதில் வந்தது என்று டெய்சி கேட்டாள். டெல்லி அறையின் தலைமை அதிகாரி குரலை உயர்த்திப் பேசாத மனிதர். அதைச் சொல்ல முடியாது என்றார். சொன்னால் நீங்கள் அறியாமலேயே குடும்பத்தின் வாயில் அந்தப் பதிலைத் திணித்துவிடுவீர்கள், உங்களை நான் குறை சொல்லவில்லை, மனிதர்கள் அப்படித்தான் என்றார். இன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் புறப்படும். பொருந்தாத பெயர் இந்தப் பட்டியலில் இருக்காது. பிறகு பார்க்கலாம்.

அந்தப் 'பிறகு'க்கு என்ன பொருள் என்று கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஐந்து மணி வரை எனக்கு நேரம் இருக்கிறது, இல்லையா?" என்று டெய்சி ஆங்கிலத்தில் கேட்டாள்.

இருக்கிறது என்றார் அவர். ஆனால் பதில் வந்ததைக் குடும்பத்திடம் சொல்லக் கூடாது. குடும்பம் தன் பதிலை மாற்றிச் சொன்னால் அது மட்டும் போதாது. குடும்பத்தில் சேராத இன்னொருவர், தனியாக, அதையே சொல்ல வேண்டும். எழுத்தில் வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் சென்னைத் துறையிலிருந்து இருதயநாதன் கைப்பேசியில் அழைத்தார். நல்ல மனிதர், ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. நடந்ததை ஒரு அறிக்கையாகப் போட்டு அனுப்பிவிடுங்கள், அதற்கு மேல் இழுத்தால் கேள்வி கேட்டதே சரியில்லை என்று உங்கள் கழுத்துக்குத்தான் வரும் என்று அக்கறையாகச் சொன்னார். டெய்சி பதில் சொல்லவில்லை. "நீங்க பேசாம இருந்தா சரின்னு அர்த்தம் இல்லைன்னு எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு அவரே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில்தான் முள் இருந்தது. கேள்வி கேட்டதே சரியில்லை.

ஒன்பது நாட்களுக்கு முன்னால் அந்தப் படிவத்தை நிரப்பியவள் டெய்சி. சுற்றறிக்கையில் தெளிவாக இருந்தது: அவருடன் மிக நெருங்கி வாழ்ந்தவரிடம், தனியாக. அந்த வரியை மூன்று முறை படித்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாள். ஆனால் வீட்டுக்குள் போனதும் நாற்காலி போட்டார்கள், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்கள், எதிரில் மணிமாறனின் அப்பா சோலைமுத்து துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடமாக வருவாய்த் துறையில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: குடும்பத் தலைவர் யார்? குடும்ப அட்டைக்கும் அதுதான், வாரிசுச் சான்றுக்கும் அதுதான். அன்றைக்கும் பேனா தானாகவே அவர் பக்கம் சாய்ந்தது.

சோலைமுத்து யோசிக்கவே இல்லை. கேள்வி அவர் நெஞ்சிலேயே தயாராக இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி கருப்பம்மாளுக்கு வயிற்றில் கட்டி. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கைவிரித்த ராத்திரி, மகன் ஏழு வருடம் பழனிக்கு நடந்தே வருவான் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டார். கருப்பம்மாள் பிழைத்தாள். மகனும் நடந்தான். வருடா வருடம் தைப்பூசத்துக்கு ஊர்க்குழுவோடு மூன்று நாள் நடை.

"அம்மாவுக்காக எத்தன வருசம் பழனிக்கு நடந்தேன்னு கேளுங்கம்மா. ஏழுன்னு சொல்லுவான். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவான்" என்றார். சொல்லும்போது அவர் முகம் அப்போதுதான் கழுவித் துடைத்தது போல இருந்தது.

சமையலறை வாசலில் மருமகள் தமிழ்மதி நின்றிருந்தாள். சரிதானேம்மா என்று டெய்சி கேட்டாள். அவள் தலையாட்டினாள். மாமனார் வாயால் வந்த பிறகு மருமகள் தலையாட்டாமல் வேறென்ன செய்வாள்? அந்தத் தலையாட்டலைப் போய் ஒப்புதல் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று இப்போது நினைக்கையில் டெய்சிக்குத் தன் மேலேயே கசந்தது. கசப்பை வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மணி பதினொன்று ஐம்பது. ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

தாடிக்கொம்புச் சாலையில் வண்டி போகும்போது இரண்டு சாத்தியங்களையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தாள். ஒன்று, பதில் சொன்னது மணிமாறன் இல்லை. அவன் இப்போது பதில் சொல்லும் நிலையில் இல்லை. மற்றொன்று, பதில் சொன்னது மணிமாறன்தான். தவறு இந்தப் பக்கத்துத் தாளில் இருக்கிறது. முதலாவது உண்மையானால் அவள் செய்ய ஒன்றுமே இல்லை. ஆகவே இரண்டாவது மட்டும்தான் அவளுடைய வேலை. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

சோலைமுத்து வாசலுக்கே ஓடி வந்தார். தகவல் உண்டா என்று கேட்டார். மருமகளிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும் என்றாள் டெய்சி. அவள் கொல்லைக் காட்டில் சம்பங்கிக்குக் களையெடுக்கிறாள், கூப்பிடுகிறேன், இல்லையென்றால் நானும் கூட வாரேன் என்று துண்டை உதறினார்.

"வேண்டாங்கய்யா. நீங்க இருங்க. நான் மட்டும் போயிட்டு வாரேன்."

ஒரு குடும்பத் தலைவரிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சோலைமுத்து துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு சுற்று இளைத்துவிட்டவர் போலத் தெரிந்தார்.

சம்பங்கிக் காட்டில் காலைப் பறிப்பு முடிந்து தண்டுகள் மொட்டையாக நின்றன. தமிழ்மதி குனிந்த வாக்கில் வந்துகொண்டிருந்தாள். டெய்சியைக் கண்டதும் நிமிர்ந்து, மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தாள். அவள் ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், விருப்பாச்சிக்காரி. கட்டிக்கொடுத்து நான்கு வருடமாகியும் பேச்சில் அந்த மண் போகவில்லை.

"பதில் வந்துருச்சுங்களா?"

டெய்சி வரப்பில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அன்றைக்கு எழுதிய கேள்வியைப் பற்றி மறுபடி ஒருமுறை கேட்க வந்திருக்கிறேன், உன்னிடம் மட்டும் கேட்கிறேன், அன்றைக்கே இப்படித்தான் கேட்டிருக்க வேண்டும், அது என் தவறு என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். பதில் வந்ததா இல்லையா என்று சொல்லவில்லை.

தூரத்தில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. டெய்சிக்கு மௌனம் புதிதல்ல. சின்ன வயதிலிருந்தே மாதம் ஒருமுறை மாதாகோயிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் ஓரத்தில் முழங்காலிட்டுப் பழகியவள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் பேசாமல் இருந்த நேரங்களில்தான் உள்ளே கிடந்தது வெளியே வந்திருக்கிறது. எத்தனை என்று அவள் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் அந்தப் பெண் மாமனாரின் எண்ணைத்தான் சொல்வாள். காத்திருந்தாள். நேரம் பன்னிரண்டே முக்காலைத் தாண்டியது.

தமிழ்மதி ஒரு கோரைப் புல்லைப் பிடுங்கி, வேரிலிருந்த மண்ணைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

"மாமாவுக்குத் தெரியோணுங்களா?"

"என் வாயிலேர்ந்து போகாது."

"அத்தைக்குத் தெரிஞ்சா செத்தே போயிருவாங்க மேடம். தனக்காக வெச்ச வேண்டுதல் குறைஞ்சதாலதான் மகன் இப்படிப் போய் மாட்டிக்கிட்டான்னு நெனைப்பாங்க."

டெய்சிக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதே பெரிய வேலையாக இருந்தது.

"ஏழு இல்லீங்க" என்றாள் தமிழ்மதி. "நாலுதானுங்க."

பிறகு சொன்னாள். விருப்பாச்சியில் சாலையோரம் அவள் பெரியப்பா வருடா வருடம் பக்தர்களுக்குப் பந்தல் போடுவார். சுக்குக்காப்பி, காலுக்குத் தைலம். மணிமாறன் ஐந்தாவது வருடம் பாதம் முழுக்கக் கொப்புளத்தோடு வந்து அங்கே உட்கார்ந்தான். நடக்க முடியவில்லை. குழு அவனை விட்டுவிட்டுப் பழனி போய்த் திரும்பும் வரை இரண்டு நாள் பந்தலிலேயே கிடந்தான். மூன்றாவது நாள் திரும்பி வந்த குழுவோடு பஸ் ஏறினான்.

"அது கொப்புளமுங்க. சாமி மன்னிக்கும்" என்றாள். "ஆறாவது வருசம் கொப்புளம் இல்லீங்க."

இருபத்து மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு போல ஒன்று வந்து போனது. ஆறாவது வருடமும் ஏழாவது வருடமும் அவன் பந்தலில் அண்டா கழுவினான், காப்பி ஊற்றினான், கூட்டத்தில் அவளோடு இரண்டு வார்த்தை பேச இரண்டு நாள் நின்றான். பிறகு இருவரும் ஊர்க்குழுவின் தலைவர் பொம்மையனைப் பிடித்து, அவரே எங்கிருந்தோ சம்பந்தம் கொண்டுவருவது போலக் கொண்டுவர வைத்தார்கள். இரண்டு வீட்டிலும் இன்றுவரை அது பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம்.

கல்யாணமான பிறகும் அவனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது என்றாள். படுத்தால் புரளுவான். வெளிநாட்டு வேலை முடிந்து வந்ததும் மிச்சத்தை நடந்து முடிக்கிறேன் என்பான். அன்றைக்கு மாமா அந்தக் கேள்வியைச் சொன்னபோதே தப்பாகப் போகும் என்று தெரிந்தது, ஆனால் அவர் முன்னால் எப்படிச் சொல்வது என்றாள்.

டெய்சி தாளைக் கொடுத்தாள். உன் கைப்பட எழுது, நேரத்தையும் போடு என்றாள். தமிழ்மதி முழங்காலில் வைத்து எழுதினாள். மணி ஒன்று ஐந்து.

எழுந்தபோது டெய்சிக்கு ஒன்று உறைத்தது. நான்கு என்பது அங்கிருந்து வந்த பதிலோடு பொருந்துமா என்று அவளுக்குத் தெரியாது. வந்தது இரண்டாக இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால், இந்தப் பெண்ணின் ரகசியத்தை வீணாகப் பிடுங்கிக்கொண்டு போகிறாள் என்றுதான் ஆகும்.

பொம்மையன் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில் ஏலம் கூறுபவர். டெய்சி போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் நின்று அவர் விலை கூவியது தெருக்கோடி வரை கேட்டது. அறுபது வயதிருக்கும், கழுத்தில் உத்திராட்சம், மூக்கு வரை திருநீறு. அதிகாரி தேடி வந்திருக்கிறார் என்றதும் ஏலத்தை வேறொருவனிடம் தள்ளிவிட்டுப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். மணிமாறன் விஷயம் என்றதும் கண் கலங்கினார். பையன் தங்கம் என்றார். குழுவில் அவன் மாதிரி ஒருவன் கிடையாது, பாரம் சுமப்பான், பாட்டுப் பாடுவான் என்றார்.

அவன் எத்தனை வருடம் உங்களோடு பழனிக்கு நடந்தான் என்று டெய்சி கேட்டாள்.

"ஏழு" என்றார் பொம்மையன். யோசிக்கவே இல்லை. "சோலைமுத்து அண்ணன் வேண்டுதல். ஏழும் சுத்தமா முடிச்சுட்டான்."

மண்டியில் தராசுச் சத்தம் கேட்டது. தமிழ்மதி சொன்னதை இவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் இவர் சாட்சி இல்லை, எதிரொலி. கைப்பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பிறகு எத்தனை வருடம் என்ற கேள்வியை விட்டுவிட்டாள். வாரிசுச் சான்று விசாரணையில், சொத்தை யார் அனுபவிக்கிறார்கள் என்று நேராகக் கேட்டால் ஊரே ஒரே பொய்யைச் சொல்லும். விறகு யார் வெட்டுகிறார்கள், நாய்க்குச் சோறு யார் வைக்கிறார்கள் என்று கேட்டால்தான் உண்மை வரும். அதைத்தான் செய்தாள்.

முதல் வருடம் முதல் ராத்திரி எங்கே படுத்தீர்கள்? ரெட்டியார்சத்திரத்தில். அவனுக்குப் பக்கத்தில் யார் படுத்தது? சொன்னார். இரண்டாவது ராத்திரி? சத்திரப்பட்டியில், பள்ளிக்கூடத்து வராந்தாவில். மலையில் முடி இறக்கினானா? இறக்கினான். இப்படியே இரண்டாவது வருடம், மூன்று, நான்கு. பொம்மையன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார், நான்காவது வருடம் யாரோ செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன கதை வரை. ஐந்தாவது வருடம் இரண்டாவது ராத்திரி என்றாள் டெய்சி.

"சத்திரப்பட்டி" என்றார்.

"அவருக்குப் பக்கத்துல யாரு படுத்தா?"

ஊரே கேட்கக் கூவுகிறவர் கழுத்து உத்திராட்சத்தை உருட்டினார். கூட்டம் அதிகம், ஞாபகம் இல்லை என்று முனகினார்.

சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் குழுவின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. வருடத்துக்கு ஒன்று, அடிவாரத்தில் எடுத்தவை. டெய்சி எழுந்து போய்ப் பார்த்தாள். அவளிடமிருந்த மணிமாறனின் பாஸ்போர்ட் படம் மனதில் பதிந்துபோன ஒன்று. நான்கு படங்களில் அவன் முகம் இருந்தது. அடுத்த மூன்றில் இல்லை.

"பய படத்துல எங்க நிப்பான்? படம் எடுக்கறதே அவன்தான்" என்று பொம்மையன் சிரிக்கப் பார்த்தார். "அவன் எடுத்தா எல்லாரும் செவப்பா விழுவோம்."

டெய்சி சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மூன்று படங்களின் அடியிலும் அடிவார ஸ்டூடியோ ஒன்றின் பெயர் அச்சாகியிருந்தது. அதன் மேல் விரலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

பொம்மையன் வெகுநேரம் அந்த விரலையே பார்த்தார். பிறகு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"அவன் உசுரு இதுலயா இருக்கு?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்கய்யா. நடந்தது என்னவோ அதை மட்டும் சொல்லுங்க."

"சோலைமுத்து அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரும்மா, பூராவும் நடந்தானா பொம்மையான்னு. ஆமான்னுட்டேன். மாலை போட்ட கழுத்தோட சொன்ன பொய்யி. அந்தாளு அம்புட்டு சந்தோசப்பட்டாரு, பொறகு எங்கிட்டு மாத்திச் சொல்ல?" திருநீற்று நெற்றியைத் துடைத்தார். "நாலு வருசம் வந்தான். பொறகு மூணு வருசமும் விருப்பாச்சிப் பந்தலோட நின்னுக்கிட்டான். எழுதிக்கங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

மணி நான்கு ஐந்து.

திண்டுக்கல்லுக்குத் திரும்ப நேரமில்லை. அந்தப் பின்னறையிலேயே டெய்சி இரண்டு வாக்குமூலங்களையும் சுவரிலிருந்த படங்களையும் கைப்பேசியில் எடுத்து, ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி டெல்லி அறைக்கு அனுப்பினாள். கூடவே மூன்றாவதாக ஒரு தாள், தன் கைப்பட. ஒன்பது நாட்களுக்கு முன்னால் கேள்வியைச் சுற்றறிக்கைப்படி மனைவியிடம் தனியாகக் கேட்காமல் தந்தையிடம், எல்லோர் முன்னிலையிலும் கேட்டது என் தவறு. முதல் பதில் தவறாக அமைந்ததற்கு நானே பொறுப்பு. இருதயநாதன் இதைப் படித்தால் தலையில் கை வைப்பார் என்று தெரியும். அந்தத் தாள் இல்லாவிட்டால் குடும்பம் ஏன் பதிலை மாற்றியது என்பதற்குக் காரணமே இருக்காது. அனுப்பிவிட்டாள்.

நான்கு முப்பத்தைந்துக்கு அழைப்பு வந்தது. டெல்லி அதிகாரி மூன்று கேள்விகள் கேட்டார். பதில் வந்ததை இருவரில் யாரிடமாவது சொன்னீர்களா? இல்லை. இருவரும் இன்று ஒருவரோடொருவர் பேசியிருக்க முடியுமா? இரண்டாமவரிடம் நான் போகிறேன் என்று முதலாமவருக்குத் தெரியாது. மனைவி இதை ஏன் அன்றே சொல்லவில்லை?

மாமனார் உட்கார்ந்திருந்தார், அவள் நின்றிருந்தாள் என்றாள் டெய்சி.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் மட்டும் வந்தது. சந்தையில் யாரோ தக்காளிப் பெட்டிகளை வண்டியில் எறிந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு என்ற எண்ணைச் சொல்லியாகிவிட்டது. இனி அது அங்கே எழுதியிருப்பதோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். டெய்சி கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் எதுவும் வரவில்லை.

"வந்த பதிலை இப்போது வாசிக்கலாம்" என்றார் அதிகாரி. "எங்களுக்கு இது குழப்பமாக இருந்தது. இரண்டு மொழி மாறி வந்ததில் ஏதோ கலைந்துவிட்டது என்று நினைத்தோம். இப்படி இருக்கிறது: நான்கு. இன்னும் மூன்று நடக்க வேண்டும்."

டெய்சி கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் சுவரோடு சாய்ந்தாள். துப்பாக்கிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, ஏழு என்று சொன்னால் வீடு நம்பும் என்று தெரிந்தும், சாமி விஷயத்தில் பொய் சொல்லாதவன். அல்லது கேள்வி தமிழ்மதியிடமிருந்துதான் வந்திருக்கும் என்று நம்பியவன். எதுவாக இருந்தாலும் ஆள் இருக்கிறான்.

ஐந்தாவது பெயர் ஏறுகிறது என்றார் அதிகாரி. ஒன்று மட்டும். எண்களை யாரும் ஊகிக்கலாம். ஆகவே ஆட்களைக் கையில் வாங்கும் இடத்தில் பெரியவர்கள் ஐந்து பேரிடமும் இன்னொரு கேள்வி கேட்பார்கள். புதுக் கேள்வி இன்று இரவு எட்டு மணிக்குள் வர வேண்டும். இம்முறை சுற்றறிக்கைப்படி.

"சுற்றறிக்கைப்படி" என்று டெய்சியும் சொன்னாள்.

அவள் மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அதே நாற்காலி, அதே மின்விசிறி. சோலைமுத்து எதிரில் உட்கார்ந்தார். கருப்பம்மாள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் தமிழ்மதி நின்றாள். சொல்ல அனுமதிக்கப்பட்டதை மட்டும் டெய்சி சொன்னாள். மணிமாறன் உயிரோடு இருக்கிறார். பட்டியலில் பெயர் இருக்கிறது. இன்னும் நாளாகலாம், வெளியே யாரிடமும் பேச வேண்டாம்.

கருப்பம்மாள் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். சோலைமுத்து வாயைத் திறந்து மூடினார். கடைசியில் கேட்டார்.

"கேள்விக்குப் பதில் சொல்லிட்டானாம்மா?"

சமையலறை வாசலில் வளையல் சத்தம் நின்றது.

"சரியாச் சொல்லிட்டாருங்கய்யா" என்றாள் டெய்சி.

சோலைமுத்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் துண்டை எடுக்கும் வரை டெய்சி காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. பிறகு இன்னொரு கேள்வி அனுப்ப வேண்டியிருக்கிறது என்று சொன்னாள். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் எத்தனை வேண்டுமானாலும் தன்னிடம் கேள்வி உண்டு என்பது போல.

"ஐயா, செத்த நேரம் நீங்களும் அம்மாவும் வெளிய இருங்க. இதை இந்தப் புள்ளகிட்ட மட்டும்தான் கேக்கணும்."

"நான் இருந்தா என்னம்மா? நான் பெத்தவன்."

"தெரியுங்கய்யா. நீங்க வெளிய இருக்கணும்."

குரலில் கடுமை இல்லை, இளக்கமும் இல்லை. சோலைமுத்து அவளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். எழுந்து மனைவியைக் கைகொடுத்துத் தூக்கினார். இருவரும் வாசலுக்குப் போனதும் டெய்சி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

மாமனார் எழுந்துபோன நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். தமிழ்மதி தயங்கி, அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்தாள். டெய்சி புதுப் படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்துகொண்டு, எதுவும் கேட்காமல் இருந்தாள். வெளியே சோலைமுத்து இருமுவது கேட்டது. நேரம் போயிற்று. தமிழ்மதி மடியிலிருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ எடுத்துப் பார்த்து, இது வேண்டாம் என்று வைத்துவிட்டு, இன்னொன்றை எடுப்பவளைப் போல இருந்தாள். ஒரு கட்டத்தில் அவள் காது மடல் சிவந்தது.

"கேள்விய மட்டும் எழுதுனாப் போதுங்களா, பதிலும் எழுதோணுங்களா?"

"ரெண்டும்தாம்மா."

தமிழ்மதி கையை நீட்டினாள். "அப்படின்னா நானே எழுதறேனுங்க."

டெய்சி பேனாவையும் படிவத்தையும் அவளிடம் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.